டுவைட் தொட்ட கறுப்புக் கம்பி

டுவைட் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன். இதை யாரும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தொப்பியில் எழுதியிருந்தது, வேனின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. போதாதென்று வாயாலும் சொல்வான்.

அந்தச் சனிக்கிழமை காலை தங்கையின் புருஷன் கர்ட்டின் கராஜுக்கு டோனட் பெட்டியோடு வந்தான். நல்லதாக இருந்த இரண்டை வழியிலேயே தின்றிருந்தான்.

"இன்னுமா மாப்ள இந்தத் தகர முட்டையைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற?"

தகர முட்டை என்றது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லரை. எழுபது வருஷத்துப் பழசு. நீர்த்துளியைப் படுக்கப்போட்ட வடிவம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. டுவைட்டின் தங்கை ஆஸ்ட்ரிட் வாங்கியது. லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவள். உளுத்த பலகைகளைக் கர்ட் மாற்றினான். வயரிங் முழுக்க அவள். பின்விளக்கு மட்டும் பாக்கி இருந்தபோது, பிப்ரவரியில் செத்துப்போனாள். அந்தப் பாக்கியைக் கர்ட் நேற்று முடித்திருந்தான். இன்று மாலை வண்டியைக் காரில் கோத்து ஏரிக்குப் போக வேண்டும். அவள் இழுத்த கம்பியில் விளக்கு எரிய வேண்டும். வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

டுவைட் பின்கதவைத் தூக்கித் தலையை உள்ளே விட்டான்.

"இதென்ன கூத்து! ஒரு வெள்ளைக் கம்பிகூட இல்ல. கறுப்பைக் கொண்டுபோய் இரும்புச் சட்டத்துல முடுக்கி வச்சிருக்கா. லாரிக்கு அடியிலயே கிடந்தவ வேற எப்படிப் பண்ணுவா? மொத்தத்தையும் உருவி எறி மாப்ள. ஒரே நாள்ல புதுசாப் போட்டுத் தரேன்."

"வேண்டாம் மச்சான்."

"கறுப்புன்னா கரண்ட். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அது இந்த நாட்டு வீட்டுல, கறுப்பு கரண்ட், வெள்ளை நியூட்ரல். வண்டியில சிவப்புதான் கரண்ட், கறுப்பு எர்த்து."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போ, போய்க் காபி கொண்டா."

கர்ட் எதையும் இரண்டாம் முறை சொல்வதில்லை. ஆஸ்ட்ரிட் போனபின் ஊரே துக்க வீட்டுக்கென்று சமைத்த மக்ரோனியும் அறிவுரையும் சுமந்து வந்தது. மக்ரோனியையாவது குப்பையில் கொட்ட முடிந்தது. அவன் உள்ளே போனான்.

கோப்பையோடு திரும்பியபோது டுவைட் கறுப்புக் கம்பியின் முன்முனையைச் சட்டத்திலிருந்து கழற்றி, பியூஸ் வழியாகப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டியிருந்தான். அதன் மறுமுனை பின்னால் இன்னும் சட்டத்தில்தான் இருந்தது, பேட்டரியின் மைனஸும் அதே சட்டத்தில்தான். அங்கே எட்டிப் பார்க்க அவனுக்கு அவசியம் தோன்றவில்லை. பியூஸ் போய்விட்டிருந்தது.

"பாத்தியா? பியூஸ்கூடச் சின்னதாப் போட்டிருக்கா." அதைப்போல இரண்டு மடங்கு பெரிய பியூஸ் கையில் தயாராக இருந்தது.

"மச்சான், போடாத."

"அட, சும்மா இருப்பா."

போட்டான். கம்பி நெளிந்தது. புகை கிளம்பியது.

பக்கத்து வீட்டு ஆர்டிஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன கர்ட், காலங்கார்த்தாலயே சாஸேஜ் வாட்டுறீங்களா? எனக்கு ரெண்டு எடுத்து வைங்க!"

கர்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினான். அந்த ஒரு கறுப்புக் கம்பி முழுசாக உருகியிருந்தது. மற்றவை பிழைத்தன.

"நான் சொன்னேன்ல?" என்றான் டுவைட், புகையைக் கையால் விசிறிக்கொண்டே. "அவ வயரிங் தாங்காதுன்னு."

கர்ட் அவனைப் பார்த்தான். எங்க அண்ணன் தப்பே பண்ணமாட்டான், அவன் தொடுற பொருள்தான் தப்புப் பண்ணும் என்பாள் ஆஸ்ட்ரிட். அவள் மிகைப்படுத்துகிறாள் என்று அப்போது நினைத்தது கர்ட்டின் முட்டாள்தனம்.

உருகியதை வெட்டி எடுத்தான். அதே நீளத்துக்குப் புதுக் கம்பி போட்டான். கறுப்புதான். டுவைட் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்றாவது டோனட்டைத் தின்றபடி, வெள்ளை போடு வெள்ளை போடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். கர்ட் வண்டியைக் காரில் கோத்து, பிளக்கைச் செருகி, வாசல் பாதைக்கு இழுத்தான். உள்விளக்கைப் போட்டுப் பார்த்தான். எரிந்தது. காரில் ஏறி உட்கார்ந்தான்.

"மச்சான், பின்னாடி போய் நில்லு. எது எரியுதுன்னு மட்டும் சொல்லு. அது போதும் உனக்கு."

டுவைட் முறைத்தான். ஆனால் ஆர்டிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் நின்றான்.

"இடது?"

"எரியுது."

"வலது?"

"ம்."

"ம்முன்னா?"

"எரியுதுப்பா."

"பிரேக்கு?"

"எரியுதுன்னு சொல்றேன்ல!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா, மச்சான். ஆர்டிஸுக்குக் கேக்கணும்."

"கேக்குது, கேக்குது!" என்றாள் ஆர்டிஸ்.

"எரிஞ்சா மட்டும் ஆச்சா?" டுவைட் விரலை நீட்டினான். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கே ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பாத்தான்னா..."

மாலைவரை காத்திருக்கக் காரணம் எதுவும் கர்ட்டுக்குத் தெரியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். தெருவுக்குத் திரும்பும்போதும் கண்ணாடியில் டுவைட்டின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் வண்டி எதுவும் வரவில்லை. இருந்தும் கர்ட் பிரேக்கை மிதித்தான். பின்னால் எரிந்திருக்கும். சொல்ல ஆளில்லை.