ஏழாம் நாள் சீக்கு

பகல் முழுக்க வார்டில் நின்ற காலோடு புத்தக அறைக்கும் போ என்றால் யாருக்குத்தான் கசக்காது? ராயபுரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து எட்டு மாதமான குணசுந்தரிக்கும் கசந்தது. கண்ணால் கண்ட வியாதி ஒன்றைப் பற்றி, மூன்று புத்தகங்களைத் தேடிப் படித்து எழுதி வரச் சொல்லியிருந்தார் வகுப்பெடுக்கும் அம்மாள்.

மற்றவர்கள் காய்ச்சல், சொறி என்று சுளுவானதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இவள் ஏழாம் நாள் சீக்கை எடுத்தாள். முகத்துவாரக்குப்பத்தில் அவள் அக்கா பூவம்மா பெற்ற இரண்டு பிள்ளைகளையும் பிறந்த ஏழாம் நாளே கொண்டுபோனது அதுதான். மூன்றாவது இந்த மாதமே பிறக்க வேண்டும். மார்க்கு கிடக்கட்டும், அதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

அறையில் இழுப்பறை இழுப்பறையாகப் புத்தகச் சீட்டுகள். குப்பத்தில் அதை ஜன்னி என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள். ஜன்னிக்கு இங்கிலீஷில் என்னவோ அதைத் தேடினாள். காற்று கருப்புக்கு இங்கிலீஷ் தெரியாததால் அதை விட்டாள். மூன்று மாலைகள் போயின. மேஜைமேல் தலை சாய்ந்து தூங்கியதுதான் மிச்சம். கூடப் படிக்கும் ஐரீன் அவளைத் தட்டி எழுப்பினாள். குப்பத்துப் பெயர் புத்தகத்துக்குத் தெரியாது, பிள்ளைக்கு என்ன ஆனது என்று எழுதிவைத்துத் தேடு என்றாள்.

எழுதினாள். தாடை இறுகி வாய் திறக்கவில்லை. பால் குடிக்கவில்லை. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. தாடைக்கான சீட்டு ஒரு புத்தகத்தைக் காட்டியது. அதன் கடைசிப் பக்கத்து அட்டவணையில் வியாதியின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டு மற்ற இரண்டையும் பிடித்தாள். அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தாள். மூன்றும் ஒன்றையே சொல்லின. தொப்புள்கொடியை அறுக்கும் அழுக்குக் கத்தி, அறுத்த இடத்தில் வைக்கும் சாணம், சாம்பல். விஷம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

குப்பத்து மருத்துவச்சி கேட்டாளென்று வறட்டிச் சாம்பலை அள்ளி வந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே வைத்தவள் குணசுந்தரிதான்.

மறுநாள், மீன் விற்க வந்த அக்காள் புருஷன் ஜெயவேல் அவளைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். கத்தரிக்கோலும் நூலும் கொடுத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துத்தான் அறுக்க வேண்டும், தொப்புளில் எதையும் வைக்கக் கூடாது, வைத்தால் அதே சீக்குதான் என்றாள்.

அவர் இரண்டையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"சாம்பல் வச்சது நீதானே, குணா?"

"நான்தான் மாமா."

ஜெயவேல் காலிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்த உங்கக்காவாண்ட சொல்லமாட்டேன். நீ போய்ப் படி."

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. வார்டு மணி அடித்துவிட்டது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தடவை வேறொருத்தி சாம்பலை அள்ளி வருவாள்.

"சொல்லு மாமா. நான் வச்சதாலதான் ரெண்டும் பூடுச்சின்னு சொல்லு. அப்பத்தான் அக்கா யாரையும் சாம்பல் வைக்க வுடாது."