ஊமையன் போட்ட சத்தம்

எங்கள் படத்தின் போர் நடந்தது ஒரு பழைய கல்குவாரியில். தயாரிப்பாளர் டயர் கடைக்காரர். கையைக் கடிக்காமல் எடுக்க வேண்டிய படம் என்பதால் படை ஒன்றுதான். காலையில் நம் வீரர்களாக முன்னேறுகிறவர்களே மத்தியானம் தொப்பியை மாற்றிக்கொண்டு எதிரிகளாக வந்து செத்துப்போவார்கள். எல்லோரும் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள். துப்பாக்கிகள், கறுப்புப் பெயின்ட் அடித்த மரக்கட்டைகள்.

ஆண் வேஷம் போட்டுப் பட்டாளத்தில் சேரும் ஒரு பெண்ணின் கதை அது. அந்தப் பெண்ணாக நடித்தவள் என் நாத்தனார், மேக்கப் நான். முடியை ஒட்ட வெட்டி, முகத்தைக் கறுக்க வைத்து, மேலுதட்டில் மீசை அரும்புவதுபோல் தீட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தாள்.

“அண்ணி, நான் யாருன்னு இவங்ககிட்ட மூச்சு விடாதீங்க. பக்கத்துல நிக்கிறவங்களே நம்பலேன்னா தியேட்டர்ல எவன் நம்புவான்?”

அவளுடைய தனிக் காட்சிகளை முன்பே எடுத்து முடித்திருந்ததால் மூட்டைக்காரர்களுக்கு அவளைத் தெரியாது. அவர்களோடு வரிசையில் நின்றாள், வெயிலில் தவழ்ந்தாள், அவர்கள் குடித்த வாளியிலேயே தண்ணீர் மொண்டு குடித்தாள். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடுமென்று தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டாள். அதனால் ‘ஊமையன்’ என்று பெயர் வைத்தார்கள்.

அவர்களில் பெரிய உடம்புக்காரரைக் குண்டண்ணன் என்பார்கள். அவர் ஒருநாள் அவளிடமே அலுத்துக்கொண்டார். “ஏண்டா ஊமையா, ஹீரோயின் எப்பதான் வருவாங்க? நாம செத்துச் செத்துப் பொழைக்கிறோம், அந்தம்மா ஏசி ரூம்ல தூங்குறாங்க போல.” அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வேனுக்குப் பின்னால் ஓடினேன்.

கடைசியில், அடிபட்ட வீரனைக் காப்பாற்றப்போய் அவள் பெண் என்று படைக்குத் தெரியவரும் காட்சி வந்தது. குண்டு வெடிப்பில் சட்டை கிழிய வேண்டுமென்றார் தயாரிப்பாளர். “போஸ்டருக்கு நல்லா இருக்கும்மா.”

“சட்டை கிழிஞ்சா எல்லாரும் என்னைப் பாப்பாங்க சார். அடிபட்டுக் கிடக்கிறவனை யாரு பாப்பாங்க? நான் குரல் கொடுக்கிறேன். அது போதும்.”

டைரக்டர் தலையைச் சொறிந்தார். “வெடிமருந்து ஒரு தடவைக்குத்தாம்மா இருக்கு. சொதப்பிட்டா?”

“சொதப்ப மாட்டேன்.”

டைரக்டர் தயாரிப்பாளரின் முகத்தைப் பார்க்காமலேயே தலையசைத்தார்.

வெடித்ததும் திரும்பிப் பார்க்காமல் மேட்டைத் தாண்டி ஓட வேண்டும் என்பதுதான் மூட்டைக்காரர்களுக்குச் சொன்னது. குண்டண்ணன் காலில் அடிபட்டு விழ வேண்டும். வெடித்தது. புழுதி எழும்பியது. எல்லோரும் ஓடினார்கள். அவள் மட்டும் நின்றாள்.

“நில்லுங்கடா! இவன் இன்னும் சாகல!”

அவள் தொண்டையிலிருந்து வந்தது அவளுடைய சொந்தக் குரல். அசல் பெண் குரல். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்று திரும்பினார்கள். அந்த முகங்களில் இருந்த திகைப்பை எந்த நடிகனாலும் கொண்டுவர முடியாது. அவள் குனிந்து குண்டண்ணனின் கையைத் தன் கழுத்தில் போட்டுத் தூக்கினாள். முழங்கால் கல்லில் இடித்துப் பேன்ட்டில் ரத்தம் கசிந்தது.

“அம்மா, இறக்கி விடும்மா,” என்று முனகினார் அவர்.

“அடிபட்ட ஆளு பேசக்கூடாது. வாங்க.”

அவள் தள்ளாடுவதைக் கண்டதும் இரண்டு பேர் மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். அப்படி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்து நின்றார்.

அதன்பின் அவளுக்கு மட்டும் நாற்காலி வந்தது. “ஹீரோயின் உக்காருங்க,” என்று குண்டண்ணனே தூசி தட்டிப் போட்டார். அவள் அவரையே அதில் உட்கார வைத்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. நாங்கள் போன அன்று பாதி இருக்கைகள் காலி. ஆனால் அந்தக் குரல் வந்தபோது எனக்கு முன்னால் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் அதைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

“அண்ணி, ஓடும்போது எனக்குத் தோள் ஒரு பக்கமா சாயுது, கவனிச்சீங்களா?”

“இல்லையேடி.”

“சாயுது. அடுத்த படத்துல சரி பண்ணிக்கணும்.”