இரட்டையில் ஒருத்தி

ஐஸ் பைகளைத் துணியில் சுற்றி, அக்காவின் தலையைச் சுற்றி ஒவ்வொன்றாக அண்டக்கொடுத்துக்கொண்டிருந்தாள் சின்னவள். கட்டிலுக்கு மறுபக்கம் நின்ற அக்கா மகன், அவள் வைத்த பையை எடுத்துத் தரையில் வைத்தான். அவள் குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். அவன் மறுபடி எடுத்தான்.

"அம்மாவுக்குக் குளிரும் சித்தி."

"குளிராது. உனக்கே தெரியும்."

"வண்டியைத் திரும்பிப் போகச் சொல்லுங்க. நான் தரமாட்டேன்."

ஆய்வுக்கூடத்து வண்டி வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரமாகிறது. உடம்பைக் கொண்டுபோய், மூளையை மட்டும் எடுத்துக்கொண்டு, தைத்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார்கள். தாமதித்தால் மூளை கெட்டுவிடும். கெட்டபின் பார்க்க ஒன்றுமிருக்காது. பெரியவள் தெளிவாக இருந்த காலத்தில் தானே சம்மதித்த காரியம்தான். ஆனால் மகன் தலையாட்டாமல் யாரும் தொடமாட்டார்கள்.

பெரியவள், சின்னவள் என்பதெல்லாம் பேச்சுக்கு. ஒரே கருவாக உருவாகி இரண்டாய்ப் பிரிந்து வந்தவர்கள். பெற்றவளே ஆள் மாற்றிப் பால் கொடுத்திருக்கிறாள். பெரியவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு ஷிப்டாகவே காலத்தைக் கழித்தாள். சின்னவள் துணிக் கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தாள். தலை நரைத்த பிறகு பெரியவளுக்கு மறதி வியாதி வந்தது. சின்னவளுக்கு வரவில்லை.

"அவளுக்கு வராதது எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு?" ஆய்வுக்கூடத்து டாக்டரம்மாவிடம், வியாதி முற்றாத நாளில் கேட்டது பெரியவள்தான்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஜீன் ஒண்ணுதாம்மா. ஆனா ஜீன் இருந்தா மட்டும் போதாது, வேலை செய்யணும். எது வேலை செய்யுது, எது வாயை மூடிட்டு உக்காந்திருக்குங்கறது ஆளுக்கு ஆள் மாறும். வாழற வாழ்க்கை அதுமேல சின்னச் சின்னதா அடையாளம் ஒட்டிட்டே போகுது. உங்க மூளையில எது வாயை மூடிச்சு, ஏன் மூடிச்சுன்னுதான் தேடறோம்."

"பாத்துச் சொல்லுங்களேன்."

"உயிரோட இருக்கும்போது அவ்வளவு உள்ள போய்ப் பாக்க முடியாதும்மா."

"அப்போ செத்ததும் பாருங்க," என்றாள் பெரியவள். "வாயாடி ஜீனெல்லாம் இவகிட்ட போயிருக்கும். அதையும் ஒரு பார்வை பாத்துருங்க."

கட்டில் காலருகே உட்கார்ந்திருந்த ஒன்றுவிட்ட அக்காவுக்கு ரேடியோ என்று பட்டப்பேர். மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தாள்.

"தலையைத் திறந்து என்னடி ஆகப்போகுது? போன உயிரு வரப்போகுதா? அதுவும் இரட்டையில ஒண்ணு போனா இன்னொண்ணும்..."

"இன்னொண்ணும்?"

"இல்லடி, சொல்லுவாங்க."

"சொல்றவங்க எல்லாரையும் அனுப்பி வெச்சிட்டுத்தான் நான் போவேன்."

மகன் சிரிக்கவில்லை. "அம்மா சொன்னாங்க, சொன்னாங்கங்கறீங்க. கடைசியில என்ன சொன்னாங்க தெரியுமா? தலையைத் தொடாதேன்னாங்க. சீப்பை எடுத்தாலே அழுவாங்க. தலையில தண்ணி படாமத்தான் தினமும் குளிப்பாட்டினேன். அந்த அம்மா என் அம்மா இல்லையா? நல்லா இருந்தப்போ பேசினவங்க மட்டும்தான் அம்மாவா?"

கடைசி வருஷங்களில் பெரியவள் சின்னவளைக் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டாள். எதிரே உட்காரவைத்துத் தன் நெற்றியைத் தடவுவாள்; சின்னவளும் உடனே தன் நெற்றியைத் தடவ வேண்டும். பிசகினால், தனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து முகத்தைப் பொத்திக்கொள்வாள். ஞாயிறுதோறும் வந்து, கண்ணாடியாக இருந்துவிட்டுப் போனாள் சின்னவள்.

"அவளும் உன் அம்மாதான்," என்றாள். "அவ அழுதது பொய்யில்ல."

"அப்புறம்?"

"வியாதி இன்னதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, பஸ் ஸ்டாப்புல என் கையைப் பிடிச்சா. 'எவனோ என் தலைக்குள்ள பூந்து என்னையக் கொஞ்சம் கொஞ்சமாத் திருடறான். யாருன்னு பாக்காம விடாதே. நாளைக்கு நானே வேணாம்பேன், அப்பவும் விடாதே'ன்னா."

"என்கிட்ட சொல்லலையே."

"நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல."

"உங்களுக்குப் பயம் சித்தி. நமக்கும் வந்துடுமோன்னு பயம். அதுக்குத்தான் அம்மா தலை வேணும்."



"பயம்தான்," என்றாள் சின்னவள். "சாவியை எங்க வெச்சேன்னு கொஞ்சம் தேடினாலே குலை நடுங்குது. உனக்கும் நடுங்கும், மறைக்காதே. நடுங்கிக்கிட்டுச் சும்மா கிடக்கணுமா? உங்கம்மா அப்படிக் கிடக்கறவ இல்ல. நானும் இல்ல. உள்ள இருந்த அத்தனையையும் அந்த வியாதி தின்னுடுச்சு. பெத்த பிள்ளை பேரைக்கூட விடல. தின்னுட்டு, வந்த தடம் தெரியாமத் தப்பிச்சும் போகணுமா?"

ஈரத் துணியிலிருந்து நீர் வடிந்து தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தான். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் மறுபடி கட்டிலுக்கே திரும்பினான்.

"நீ கூடப் போடா," என்றாள் சின்னவள், குரலை இறக்கி. "தலைமாட்டுல உக்காந்து போ. பதமாத் தொடணும்னு சொல்லு. எல்லாம் முடிஞ்சதும் நீயே குளிப்பாட்டிக் கூட்டிட்டு வா. உன் கைதான் அவளுக்குப் பழக்கம்."

அவன் தரையிலிருந்த பையை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, அம்மாவின் காதோரம் தானே வைத்தான். வாசலுக்குப் போனான்.

"நான் கூட வரலாமா?"

"தாராளமா வாங்க," என்றாள் வண்டியோடு வந்திருந்த டாக்டரம்மா.

பெரியவளை வண்டியில் ஏற்றினார்கள். மகன் தலைமாட்டில் உட்கார்ந்தான். டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சின்னவளிடம் வந்தாள்.

"இப்போ கேக்கறது தப்புதான். ஒரு மூளையை மட்டும் பாத்தா பாதிதான் தெரியும். நீங்களும் பின்னாடி ஒரு காலத்துல..."

"தரேன். ஆனா ஜோடி சேரணும்னா காத்திருக்கணும். நீங்க ரிட்டயராகுங்க. உங்களுக்கு அப்புறம் வர்றவங்களும் ரிட்டயராகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். இழவு வீட்டில் சிரித்தது உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. ரேடியோ பின்னாலிருந்து முந்தானையை இழுத்தாள்.

"உள்ள வாடி. வர்றவங்க பயந்துடப்போறாங்க. செத்தவளே எந்திரிச்சு வந்து வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

துக்கம் கேட்க முதலில் வந்தவர் சலவைக்கூடத்து மேஸ்திரி. படியில் ஒரு காலை வைத்து நிமிர்ந்தவர், வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். சின்னவள் நகரவில்லை. முகத்தை நன்றாகத் தூக்கி வெயிலில் காட்டிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்க," என்றாள். "அக்கா வெளியே போயிருக்கா. சாயங்காலம் வந்துடுவா."

அவர் செருப்பைக் கழற்றினார்.