சத்தம் வந்தால் எண்ணெய்

என் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதையும் நேரில் சொல்லவில்லை. குழுவில் மெசேஜ் போட்டார்கள், கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையோடு.

"மேடம், வரும் ஞாயிறு பெரிய ரைடுக்கு வர வேண்டாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்க இன்னும் பயிற்சி தேவை. பாதுகாப்பே முக்கியம்."

போட்டவர் கேப்டன். கேப்டன் என்றால் கப்பலும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எங்கள் சைக்கிள் குழுவில் பன்னிரண்டு பேர். யார் முன்னால் போவது, எங்கே தண்ணீர் குடிப்பது, யார் எப்போது மூச்சு வாங்குவது எல்லாம் அவர்தான் முடிவு செய்வார். அந்த மெசேஜுக்குக் கீழே ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். தூக்காத ஒரே ஆள் மாட்டு டாக்டரம்மா. குழுவில் என்னைத் தவிர இருக்கிற ஒரே பெண். வாயில்லா ஜீவன்களோடு பழகிப் பழகியோ என்னவோ, அவளும் வாயைத் திறக்கமாட்டாள்.

பெரிய ரைடு என்பது கோடையின் கடைசி ஞாயிறு. நூறு கிலோமீட்டர், இரண்டு குன்று. வெயில் ஏறுவதற்குள் பாதியைத் தாண்டிவிட வேண்டும் என்பதால் விடியும்போதே கிளம்புவார்கள். நான் அதற்காக மூன்று மாதமாக உயிரை விட்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு மணிக்கு ஊசியும் குழாயுமாக உட்கார வேண்டியவள், நாலரைக்கு எழுந்து முப்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பஞ்சர் ஒட்டவும், செயினைக் கழற்றிக் கழுவவும், கியர் கம்பியை இழுத்து வைக்கவும் நானாகவே கற்றுக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் எனக்கே எனக்கென்று ஒன்று இருந்தது என்றால் அந்த சைக்கிள்தான். அதை ஒரு கும்பிடு பொம்மை போட்டு எடுத்துவிட்டார் அந்த மனிதர். வயிறு எரியாதா?

நடந்தது இதுதான். மெசேஜுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டிக் குன்றிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு. அதற்கு நூறு அடி முன்னால் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டி கேட்கவே இல்லை. கைப்பிடியோடு சேர்த்து நசுக்கினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனதே தவிர வேகம் குறையவில்லை. வளைவுக்கு வெளியே ரோடு போடுவதற்காக மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். நேராக அதில் போய் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது, முட்டி வீங்கியது. அந்த மணல் இல்லையென்றால் கீழே பாறைதான், இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

கேப்டன் இறங்கி வந்தார். என் முழங்கையைப் பார்ப்பதற்கு முன்னால் சைக்கிளைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் நின்றது.

"பாருங்க, நிக்குதே? பிரேக் ஜம்முனு இருக்கு. நீங்க பயத்துல கையை விட்டுட்டீங்க."

"விடலை சார். ரெண்டு கையாலயும் பிடிச்சேன். வண்டி நிக்கலை."

"பிடிச்சதா நினைச்சிருப்பீங்க மேடம். என்கிட்ட கத்துக்க வர்ற லேடீஸ் எல்லாரும் இதையேதான் சொல்வாங்க."

சும்மா அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்தைக் குழந்தைகூட நிறுத்திவிடும். மேலே அறுபது கிலோ உட்கார்ந்து இறக்கத்தில் வரும்போது நிறுத்துவது வேறு கதை. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயில் மணல் இருந்தது.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் பார்த்தார். "பிரேக் பிடிக்கலையா?" என்றார். ஆமாம் என்றேன். அதோடு சரி. வெந்நீர் வைத்துக் கொடுத்தார், பஞ்சு எடுத்துக் கொடுத்தார், அப்புறம் தன் அறைக்குள் போய்விட்டார். மறுநாள் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று ஆரம்பித்தாள். அன்றைக்குச் சாயங்காலமே கேப்டனின் மெசேஜும் வந்தது. எல்லாரும் சேர்ந்து என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சரி, நான்தான் கையை விட்டேனா? இரண்டு நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் சொந்தக் கையையே நம்ப முடியாமல் போகிறது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனைக் கூடத்திலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தேன். நடையில் சுவரோரமாக நின்ற சைக்கிளின் முன்னால் உட்கார்ந்தேன். என் வண்டியில் பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஒரு மெல்லிய இரும்புத் தட்டை. இரண்டு பக்கமும் சின்னக் கட்டைகள் அதைக் கவ்வும். அந்தத் தட்டுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. விரலில் இருக்கிற பிசுபிசுப்பு பட்டால்கூடப் பிடிமானம் குறையும் என்பதால் நான் அதை வெறுங்கையால் தொடமாட்டேன். பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுப்பாகி வழவழத்தது. பின்சக்கரத்தையும் துடைத்தேன். அங்கேயும் அதே கதைதான்.

மோந்து பார்த்தேன். அந்த வாசனைக்கு எனக்குப் பரிசோதனை தேவையில்லை. இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டுத் தலையணை உறையில், சட்டைக் காலரில், சோப்புப் பெட்டியில் இருக்கிற வாசனை அது. தையல் மெஷின் எண்ணெய்.

என் வீட்டுக்காரர் தையல் மெஷின் மெக்கானிக். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் மூக்கு நீண்ட ஒரு எண்ணெய் டப்பா வைத்திருப்பார். தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்தான்: சத்தம் வந்தால் எண்ணெய். எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிடாது, மின்விசிறி முனகாது, கட்டில் பேசாது. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும், "சத்தம் போடாதம்மா, பக்கத்து வீட்ல கேட்கும்" என்பார். எனக்கு விட மட்டும்தான் எண்ணெய் கண்டுபிடிக்கவில்லை.

பஞ்சை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். பஞ்சை அதன்மேல் வைத்தேன்.

"என்னங்க இது?"

பார்த்தார். திருப்புளியைக் கீழே வைத்தார். "சத்தம் வந்துச்சேம்மா."

"எது சத்தம் வந்துச்சு?"

"சனிக்கிழமை ராத்திரி வண்டியை உள்ள தள்ளினேன் இல்ல, அப்ப கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. உனக்கு நல்லதுன்னுதான் ரெண்டு பக்கமும் ரெண்டே சொட்டு..."

ஆமாம், அந்தத் தட்டில் கோடைத் தூசி ஏறி ஒரு வாரமாகக் கீச்சிட்டது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது சிக்னலில் மெதுவாகப் பிடித்தபோது சத்தமே வரவில்லை. பரவாயில்லையே, தானாகச் சரியாகிவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன். மடச்சி, மடச்சி.

"பிரேக்குக்கு யாராவது எண்ணெய் விடுவாங்களா? என் சைக்கிளைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"தெரியாமப் பண்ணிட்டேன். விடு."

விடு என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்ததும் இந்த மனிதர் எங்கே விழுந்தாய் என்று கேட்கவில்லை, எப்படி விழுந்தாய் என்று கேட்கவில்லை. பிரேக் பிடிக்கலையா என்றுதான் கேட்டார்.

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்."

"சந்தேகம்தான்."

"சந்தேகம் வந்தா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? உங்க தங்கச்சி என்னைப் பேசினா. அந்தக் கேப்டன் ஊரையே கூட்டி எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியலைன்னான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு குத்துக்கல் மாதிரி இருந்தீங்களே?"

"சொன்னா நீ கத்துவ."

"சொல்லாம விட்டா நான் சைக்கிளையே விட்டுடுவேன், அதுவும் நல்லதுதான்னு தோணுச்சா?"

திருப்புளியை எடுத்தார், மறுபடி வைத்தார். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"நீ செத்துப்போன்னு விட்டிருக்க" என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக 'ங்க' போய்விட்டது. அவருக்கும் கேட்டது. முகம் வெளுத்துவிட்டது. நானே ஒரு நிமிஷம் திகைத்தேன், ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீ வர்ற. எல்லார் முன்னாடியும் சொல்ற."

"முப்பது வருஷமா மெக்கானிக்கா இருக்கேம்மா. பிரேக்குக்கு எண்ணெய் விட்டவன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என்கிட்ட மெஷினைக் கொடுப்பான்? மானம் போயிடும்."

"என் மானம் போனப்ப உனக்குத் தெரியலையா?"

புதுக் கட்டைகள் வாங்கிவந்து நானே மாட்டினேன். பழசு எண்ணெயைக் குடித்துவிட்டதால் குப்பைக்குத்தான் லாயக்கு. தட்டை ஸ்பிரிட்டில் மூன்று முறை துடைத்தேன். புதுக் கட்டை தட்டோடு பழக வேண்டும் என்பதால் எங்கள் தெருச் சரிவில் இருபது தடவை வேகமாக வந்து பிடித்தேன். இருபது தடவையும் வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. இருபது தடவையும் கீச்சென்று ஊரைக் கூட்டியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நன்றாகக் கேட்கட்டும் என்று இருபத்தொன்றாவது தடவையும் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பெட்ரோல் பங்க் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் போய் நின்றேன். பின்னாலேயே ஸ்கூட்டரில் என் வீட்டுக்காரர். சட்டைப் பையில் எண்ணெய் டப்பா. இதற்குமா அது வேண்டும்?

"மேடம், மெசேஜ் பார்க்கலையா?" என்றார் கேப்டன்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், தப்பு என் மேல. அவங்க பிரேக்ல நான்தான் எண்ணெய் விட்டுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

கேப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார்.

"சார், நீங்க மெக்கானிக்னு மேடம் சொல்லியிருக்காங்க. மெக்கானிக் போய் பிரேக்ல எண்ணெய் விடுவாரா? பொண்டாட்டிக்காகப் பழியை நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க, உங்களை மாதிரி புருஷன் கிடைக்க மேடம் கொடுத்து வச்சிருக்கணும்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்! நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு நொடி அந்த முகத்தில் ஒரு நிம்மதி. அப்படியே நழுவிப் போய்விடலாம், மானமும் தப்பியது, நல்ல பெயரும் கிடைத்தது. அந்த ஒரு நொடியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பிறகு என்னைப் பார்த்தார். "இல்ல சார், நெசமாவே நான்தான்" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

"சரி சரி, சார் மனசு எங்களுக்குப் புரியுது" என்று கேப்டன் திரும்பினார்.

நான் கையை நீட்டி என் வீட்டுக்காரர் பையிலிருந்து டப்பாவை உருவினேன். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். கேப்டனின் சைக்கிள் பக்கத்திலேயே சாய்ந்து நின்றது, துடைத்துப் பளபளவென்று. குனிந்து, டப்பாவின் மூக்கை அவர் முன்சக்கரத் தட்டுக்கு நேராக நீட்டினேன்.

"ஐயையோ! மேடம்! என்ன பண்றீங்க?" பாய்ந்து வந்து சக்கரத்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டார். "எண்ணெய் பட்டா பிரேக்கே பிடிக்காது! இறக்கத்துல நான் சாகறதா?"

நான் டப்பாவை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க கேப்டன்" என்றேன். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்கலை."

யாரோ ஒருவர் இருமினார். அப்போது மாட்டு டாக்டரம்மா, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, வாயைத் திறந்தாள். "லிஸ்ட்ல பேரைச் சேருங்க சார். வெயில் ஏறிடும்."

சேர்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, நானும் காத்திருக்கவில்லை. டப்பாவை மூடி, என் சட்டையின் முதுகுப் பையில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மிதித்தேன். அன்றைக்கு இரண்டு குன்றிலும் இறங்கும்போது என் பிரேக் கத்திய கத்தலில் முன்னால் போனவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். கேப்டன் உள்பட.

நூறு கிலோமீட்டர் முடித்து வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். குடித்தேன். என் முதுகுப் பையைப் பார்த்தார். கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

டப்பா இப்போது என் துணி அலமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது. 'ங்க' இன்னும் திரும்பி வரவில்லை. நேற்றிலிருந்து எங்கள் வாசல் கதவு கிறீச்சிட ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவர் கை சட்டைப் பைக்குப் போய்விட்டு, வெறுங்கையாகத் திரும்புகிறது.

கிறீச்சிடட்டும்.