நீரஜா முடித்த பிழைகள்

புதிய இயங்குதளம் வெளியான முதல் வாரத்திலேயே நூற்று நாற்பது பிழைகள் வந்து குவிந்தன. விலை குறைந்த கைப்பேசிகளுக்கு இயங்குதளம் எழுதித் தரும் சிறிய நிறுவனம் அது, ஈக்காட்டுத்தாங்கலில் இருந்தது. எந்தப் பிழையை யார் எவ்வளவு நேரத்தில் சரிசெய்தார்கள் என்பதைச் சுவரிலிருந்த திரை காட்டிக்கொண்டே இருக்கும். அதில் நீரஜாவின் பெயர்தான் எப்போதும் மேலே. அவள் கையில் எடுத்த பிழை மறுநாள் மதியத்துக்குள் முடிந்துவிடும். ஜொவிட்டாவுக்கு ஒரு வாரம் ஆகும்.

ஜொவிட்டா அங்கே சேர்ந்து ஆறு வருடம். நீரஜா வந்து எட்டு மாதம்தான். காலையில் சாந்தோமில் பஸ் ஏறியதுமே ஜொவிட்டா தன் கைப்பேசியில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பாள். தேடுவது தன் பெயரை அல்ல. நீரஜா லீவு போட்ட நாட்களில் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று ஒரு புகார் வந்தது. பதினைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பின்னணியில் ஓடும் செயலிகளையெல்லாம் நிறுத்திவிடும்படி நீரஜா ஒரே நாளில் திருத்தம் எழுதினாள். அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டியவள் ஜொவிட்டா. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இதில் அலாரமும் நின்றுவிடும்.

சொன்னால் நீரஜா அன்றே சரிசெய்துவிடுவாள். அப்போதும் முதலிடம் அவளுக்குத்தான். ஜொவிட்டா ஒன்றும் எழுதாமல் ஒப்புதல் கொடுத்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. ராத்திரியே அந்தத் திருத்தம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை, மேலாளர் ஷ்ரவண் ஓர் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டார். ராயப்பேட்டையிலிருந்து ஜைதூன் பீ என்ற பெண்மணி பேசினார்.

"மூணு நாளா சார்ஜ் கம்மியானா அலாரம் அடிக்கல கண்ணு. விடியறதுக்கு முன்னாடி ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியல. எங்க வூட்டுக்காரருக்கு சுகர். வேணாம்னா கேக்காம வெறும் வயித்தோட நோன்பு வெச்சாரு. நேத்து கடையில மயங்கி வுழுந்துட்டாரு. இப்ப தேவலாம், உக்காந்துகினு கீறாரு. இந்த போனை நம்பலாமா, வேணாமா?"

நீரஜா எழுந்தாள். "என் தப்புதான் சார்" என்றாள். உடனே வேலையில் உட்கார்ந்தாள்.

ஜொவிட்டா அவள் பக்கத்தில் போய் நின்றாள். "நான் அன்னிக்கே பாத்தேன்."

"எதை?"

"அலாரம் நிக்கும்னு. பாத்துட்டுத்தான் அப்ரூவ் பண்ணேன்."

நீரஜாவின் விரல்கள் நின்றன. "ஏன்?"

"நீ சீக்கிரமா முடிக்கிற. எனக்குத் தாங்கல."

நீரஜா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "இதை என்கிட்ட சொல்லி இன்னா ஆகப்போவுது? சார்கிட்ட போய் சொல்லு."

ஜொவிட்டா போய்ச் சொன்னாள். இனி யாருடைய வேலைக்கும் அவள் ஒப்புதல் தரக்கூடாது என்றார் ஷ்ரவண்.

மூன்று மணி நேரத்தில் நீரஜா சரிசெய்து எல்லாக் கைப்பேசிகளுக்கும் அனுப்பிவிட்டாள். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக முடித்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஜொவிட்டாவும் தட்டினாள். தட்டும்போதே அவள் கண் சுவரிலிருந்த திரையில் முதல் பெயருக்குப் போனது.

சாயங்காலம் அவளே ஜைதூன் பீயைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அலாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி, அடிக்கும்வரை லைனிலேயே காத்திருந்தாள்.

"அடிக்குதும்மா. நீதான் சரி பண்ணியா?"

"இல்லம்மா" என்றாள் ஜொவிட்டா. "நீரஜான்னு ஒரு பொண்ணு."