உயிரோடு இருந்தவளுக்கு மாலை

அக்கா திலகம் இறந்த பதினோராம் நாள் மகேன் வேலைக்குத் திரும்பினான். தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே, தேயிலைச் சரிவில் நிற்கும் அந்த ஆடம்பர ஹோட்டலில் உணவு, பானப் பிரிவு முழுக்க அவன் பொறுப்பு. இரண்டு உணவகங்கள், ஒரு தேநீர்க்கூடம், அறுபத்திரண்டு ஊழியர்கள். தேநீர்க்கூடத்தின் கதவைத் தள்ளியதும் எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை, முதுகில் கொழுந்துக் கூடை. படத்துக்குச் செவ்வந்தி மாலை, கீழே எரிகிற குத்துவிளக்கு. பதினொரு நாளில் அங்கே எதுவும் மாறியிருக்கவில்லை.

அந்தப் படம் மாட்டப்பட்டு ஒன்றேகால் வருடம் ஆகிறது. ஹோட்டலுக்குப் புதுப்பெயரும் புதுத்தோற்றமும் கொடுக்க முதலாளிகள் முடிவு செய்தபோது, கோலாலம்பூர் பிராண்ட் அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். தோட்டத்தின் பழைய கதையைச் சொல்ல ஒரு முகம் வேண்டும் என்றாள். இப்போது மெஷின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும்தான். அந்த முகங்கள் அவளுக்குத் தோதுப்படவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னவன் மகேன்தான். திலகம் இருபது வருடத்துக்கு முன்பே கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு, இதே ஹோட்டல் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

படம் எடுத்த அன்று அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எவடா மலையில ஏறுவா? அட்டை கடிச்சா சேலைய தூக்கிப் பாக்கவும் முடியாதுலா.” அந்தச் சிரிப்புதான் படத்தில் விழுந்தது.

மாலையும் விளக்கும் திறப்புவிழாவுக்கு முதல்நாள் வந்தன. உள் அலங்காரம் செய்தவர்களுக்கு அது ஓர் அழகு. மகேனுக்கு அப்படித் தோன்றவில்லை. படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பது செத்தவர்களுக்கு. பிராண்ட் அலுவலகப் பெண்ணிடம் சொன்னான். விருந்தாளிகளுக்கு அது தெரியுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். தெரியாது என்றான். அப்புறம் என்ன என்பதுபோல் பார்த்தாள். விழா முடியட்டும், மெல்ல எடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டான். விழா முடிந்த வாரமே மாலையோடு சேர்ந்த படம் இணையமெல்லாம் பரவியது. தினமும் புதுமாலை என்பது பிராண்ட் கையேட்டில் ஏறியது. பூக்காரரிடம் தினமாலைக்குச் சொல்லிவைத்தவனும் மகேனேதான்.

கழுவ வேண்டிய கோப்பைகளை எடுக்க வந்த திலகம் முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஒரு நொடி நின்றாள்.

“எனக்கு இப்பவே போட்டுட்டியா தம்பி? பரவால்ல, அவனவன் செத்தப்புறம் பாக்க முடியாதத நான் நின்னு பாக்குறேன்.”

சமையலறை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

பதினாலு மாதம் கழித்து, கழுவுதொட்டி அருகே திலகம் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

அஸ்தி கரைத்துவிட்டு வரும் வழியில் திலகத்தின் மகள் புனிதா காரில் மகேன் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “அந்தப் படத்த எடுத்துடுங்க மாமா. கருமாதிக்குள்ள. வேற ஒன்னும் கேக்கல.” சரி என்றான். அறுபத்திரண்டு பேரை ஏவுகிறவனுக்கு ஒரு படத்தைக் கழற்றுவது பெரிய காரியமா என்றுதான் நினைத்தான்.

பொது மேலாளர் யோகேந்திரன் சிரம்பான் ஊர்த் தமிழர், நம்மவர். கதவைச் சாத்திவிட்டு, மகேனின் தோளில் கைவைத்துப் பேசினார். படம் சுவரில் மட்டுமா இருக்கிறது என்று கேட்டார். மெனு அட்டையில், தேயிலை டின்னில், கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில், லிஃப்ட் கதவில் எல்லாம் அந்த முகம். ஐந்து வருடத்துக்குப் படத்தைப் பயன்படுத்தத் திலகம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். யோகேந்திரன் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். சாட்சிக் கையெழுத்து மகேனுடையது.

கோலாலம்பூருக்கு எழுதினான். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஓய்வெடுக்க வருகிறவர்களிடம் தேநீர் மேசையில் மரணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஆகவே படமோ, அதைக் காட்டிப் பரிமாறுகிறவர்கள் விருந்தாளிகளுக்குச் சொல்லும் திலகத்தின் கதையோ மாற வேண்டியதில்லை என்றிருந்தது.

பதின்மூன்றாம் நாள், மாலையையாவது நிறுத்துவோம் என்று பூக்காரரிடம் வேண்டாமென்று சொன்னான். யாரோ ஒரு விருந்தாளி போட்ட படத்தில் மாலை இல்லாததைக் கோலாலம்பூரில் பார்த்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் டிரைவரை அனுப்பி மாலையை வரவழைத்தார் யோகேந்திரன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தரச்சோதனைக்கு அங்கிருந்து ஆட்கள் வருவதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமைதான் பதினாறாம் நாள், கருமாதி.

அன்று காலை தோட்டத் தொழிலாளர் வரிசையிலிருந்த லயத்து வீட்டில் காரியம் நடந்தது. உறவுக்காரர்கள் முன்னால் புனிதா எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்திருப்பார் என்று நம்புகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட நினைத்து, முடியாமல், இரண்டு கவளத்தோடு எழுந்து வேலைக்கு வந்துவிட்டான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் புனிதா தேநீர்க்கூடத்துக்குள் வந்தாள். காரியத்துக்குக் கட்டிய வெள்ளைச்சேலையோடு வந்து படத்தின் முன்னால் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத பிஷால் என்ற நேப்பாளிப் பையனுக்கு அவள் யாரென்று தெரியாது. பக்கத்தில் போய், மூன்று தலைமுறையாக இந்த மலையில் கொழுந்து எடுக்கும் திலகம் அம்மாவின் கதையை ஆங்கிலத்தில் தொடங்கினான். மகேன் பத்தடி தள்ளி, மேசைகளைச் சரிபார்த்தபடி நின்றான்.

புனிதா முழுக்கக் கேட்டாள். பிறகு, இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள்.

நன்றாக இருக்கிறார், இன்று காலைகூடக் கொழுந்து எடுக்கப் போனார் என்றான் பிஷால். கண்ணைப் பார்த்து, புன்சிரிப்போடு, அவசரமில்லாமல் சொன்னான். மகேன் பழக்கியபடியே சொன்னான்.

புனிதா திரும்பி மாமாவைப் பார்த்தாள். அவன் அருகில் போனான்.

“எடுக்க முடியலம்மா,” என்றான்.

“நீங்கதான மாமா இங்க மேனேஜர்?”

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். அவள் படத்தின் பக்கம் திரும்பி, எம்பி, மாலையைப் பிடித்தாள். நாரால் சட்டத்தோடு இறுகக் கட்டியிருந்தார்கள். இழுத்தாள். சில பூக்கள் உதிர்ந்து விளக்கில் விழுந்தன. மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே நேரம் வாசலில் யோகேந்திரனும், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேரும் நுழைந்தார்கள்.

இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் நின்றவனின் வாய், அவன் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை.

“மேடம், தயவுசெய்து அதைத் தொடாதீங்க.”

புனிதா மாலையிலிருந்து கையை எடுத்தாள். அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்: கோட்டு, டை, நெஞ்சில் குத்திய பெயர்ப்பட்டை.

“சரி சார்,” என்றாள்.

அவள் வெளியே போனதும் யோகேந்திரன் என்ன நடந்தது என்று தமிழில் கேட்டார். விருந்தாளி ஒருவர் படத்தைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டார் என்று, வந்தவர்களுக்கும் புரியட்டும் என்று, மகேன் ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு அவர்களை ஜன்னலோர மேசைக்கு அழைத்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான்.