தொட்டிக்கு வைத்த அரக்கு

வட்டாட்சியர் அலுவலகக் கண்காணிப்பாளர் நெல்லையப்பன் பெட்ரோல் திருட்டை ஒழித்த விதம் எளியது. மீட்புப் படகின் பெட்ரோல் தொட்டி மூடிமேல் அரக்கை உருக்கி ஊற்றி, அலுவலக முத்திரையைப் பதித்துவிட்டார். மூடியின் நடுவில் ஒரு சிறு திருகு இருந்தது; அதுவும் அரக்குக்குள் போயிற்று. அது எதற்கென்று அவர் எவரையும் கேட்கவில்லை. கேட்பது பதவிக்கு அழகன்று. மாதம் ஒருமுறை இயந்திரத்தை ஒரு நிமிடம் ஓட்டி, பதிவேட்டில் 'நன்று' என்று எழுதினார்கள். ஐந்து மாதமும் நன்று.

மார்கழி வெள்ளத்தில் ஏரலுக்கு மேற்கே, எதிர்க்கரை வீடொன்றின் மொட்டை மாடியில் மைதீன் பாத்திமாவுக்குப் பேறுகால வலி கண்டது. படகை ஓட்டுவதற்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து பாக்கியசீலன் வந்தார். முத்திரைக்குக் காவலாக நெல்லையப்பனும் ஏறி, தார்ப்பாயால் மூடிய தொட்டியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டார்.

"சார், அந்தத் தொட்டி..."

"அதெல்லாம் சரியா இருக்கு. நீரு ஓட்டும்வே."

முதல் இழுப்பிலேயே இயந்திரம் கிளம்பியது. கரையிலிருந்தோர் கைதட்டினர். நடு ஆற்றில் அது இருமி நின்றது.

"என்னவே, நிப்பாட்டிட்டீரு?"

"நான் எங்க சார் நிப்பாட்டுனேன்? அதுல்லா நின்னுட்டு."

படகு நீரோட்டத்தோடு நழுவியது. நீர் போகும் திசையில் பாலத்தூண்கள். மாடியிலிருந்து ஒருத்தி துணியை வீசி அலறினாள். பாக்கியசீலன் வடிகட்டியைப் பார்த்தார்; பெட்ரோலில் தண்ணீர் கலக்கவில்லை. தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தள்ள, குழாயின் நடுவிலுள்ள ரப்பர்ப் பந்தை அமுக்கினார். அமுக்கியது அமுக்கியபடி சப்பையாகக் கிடந்தது.

"தொட்டிய காட்டுங்க சார். உள்ள காத்து போகல. காத்து போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும்."

"காத்துக்கும் பெட்ரோலுக்கும் என்னவே சம்பந்தம்?"

பாக்கியசீலன் தார்ப்பாயை உருவினார். தொட்டியின் பக்கங்கள் பட்டினி வயிறுபோல் உள்வாங்கியிருந்தன. மேலே அரக்கு: சிவப்பாக, வட்டமாக, முத்திரையின் ஓரெழுத்தும் பிசகாமல்.

"யாரு சார் இந்த வேலைய பாத்தது?"

"நான்தான். உடைக்கணும்னா மேலிட ஒப்புதல் வேணும். ரெண்டு சாட்சி வேணும்."

"அந்தா வருது பாருங்க ரெண்டு தூணு. அதுக சாட்சி. கால எடுங்க."

திருப்புளியால் குத்தினார். அரக்கு தெறித்தது. திருகைத் தளர்த்தியதும் தொட்டி நீளமாக மூச்சை இழுத்தது. பந்து உப்பியது, நான்கு முறை அமுக்கியதும் கெட்டியாயிற்று. மூன்றாம் இழுப்பில் இயந்திரம் பிடித்தபோது, தூணுக்கும் படகுக்கும் இடையே ஒரு துடுப்பின் நீளம் இருந்தது.

மைதீன் பாத்திமாவை மாடியிலிருந்து இறக்கிக் கரைசேர்த்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. கரையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். நெல்லையப்பன் திரும்பவில்லை. படகினுள் மண்டியிட்டு, அரக்குத் துண்டுகளைப் பொறுக்கி உறையிலிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டு குறையுதுவே. அதுலதான் தேதி இருக்கு."

"ஆத்துல விழுந்துட்டு சார்," என்றார் பாக்கியசீலன், கயிற்றைக் கையில் சுற்றியபடி. "இறங்கித் தேடுங்க. எனக்கு இன்னும் நாலு மாடி பாக்கி."